தரம் ஏழில் கேட்காமல் விட்ட கேள்வி

தரம் 7 இல் ஒரு நாள் பாடசாலைக்கு வைத்தியக் குழு வரும். கொழும்பு நகரத்துக்குள் என்றால் மாநகர சபையின் சுகாதாரப் பிரிவிலிருந்து வருவார்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்க, உயரம், நிறை, கண், காது, பல், தோல், இதயத் துடிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஏற்புவலி, தொண்டைக் கரப்பான் தடுப்பூசியும் அந்த வயதில்தான். கண்ணாடி தேவைப்படும் பிள்ளையின் கையில் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்கள். தரம் 1, 4, 7, 10 என்று பாடசாலைக் காலத்தில் நான்கு முறை அரசாங்கம் இப்படிப் பிள்ளையைத் தேடி வருகிறது. கடன் கட்ட முடியாமல் கையை விரித்த நாடு இதைக் கைவிடாமல் செய்து வருவதை நாம் போதிய அளவு மெச்சுவதில்லை.

அந்த வரிசை நகரும் வேகத்தில் ஒன்றை மட்டும் கேட்க யாருக்கும் நேரமிருப்பதில்லை. இந்தப் பிள்ளை இடைவேளையில் யாரோடு நிற்கிறது?

கொழும்பு வடக்கில் முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனைப் பக்கம் பதின்ம வயதுப் பிள்ளைக்கு ஓட்டிசம் இருக்கிறதா என்று அறிந்துகொள்ள அலையும் பெற்றோரிடம் பேசினால், எல்லோரும் முதலில் சொல்வது டொக்டர் இல்லை என்பதைத்தான். அது பொய்யில்லை. பிள்ளை மனநல வைத்திய நிபுணர்கள் இந்த நாட்டில் எப்போதும் சொற்பம். 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் விமானம் ஏறிப் போனதையும் எல்லோரும் பார்த்தோம். ஆனால் நாளைக்கே பத்து நிபுணர்கள் வந்து இறங்கினாலும் இந்தப் பெற்றோரின் அலைச்சல் அதிகம் குறையாது என்றே நினைக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளையை அந்த நிபுணரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாதை எதையும் நாம் போடவில்லை.

நம்மிடம் இருக்கும் அறிவு முழுவதும் நடைபயிலும் வயதைச் சுற்றியே இருக்கிறது. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பார்த்து, அவர்களில் நான்கு பேருக்கு ஓட்டிசம் என்று கண்டார்கள். 93 பேருக்கு ஒருவர். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம் மண்ணில் எடுத்த எண். பின்னர் அவரும் வேறு சகாக்களும், தாய்மாரிடம் படங்களைக் காட்டிக் கேட்கும் எளிய கருவி ஒன்றையும் உருவாக்கினார்கள். அதுவும் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. அந்தக் காலத்தில் இலங்கையில் ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தாலும் ஒவ்வோர் ஆண்டும் மூவாயிரம் பேர். அவர்களில் சின்ன வயதில் பிடிபட்டவர்கள் போக, மிச்சப்பேர் இன்று நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள், அல்லது பாடசாலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார்கள்.

"சின்னதிலேயே ஏன் கவனிக்கவில்லை?" என்று தாயைக் கேட்பது நம் வழக்கம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளையின் சக்திக்கு மேலாகப் பிறரோடு பழகவேண்டிய தேவை வரும்வரை அவை முழுதாக வெளியே தெரியாமல் போகலாம் என்கிறது அது. நமது ஊரில் அந்தத் தேவை எப்போது வருகிறது என்று சொல்லத் தனி ஆய்வு வேண்டாம். தரம் 6 இல் வருகிறது. ஐந்தாம் ஆண்டுவரை ஒரே வகுப்பாசிரியை, ஒரே கதிரை, எப்போது எது நடக்கும் என்று தெரிந்த நாள். அதற்குப் பிறகு பாடத்துக்கு ஒருவர், மணிக்கு ஒருவர், புதிய பாடசாலை, புதிய பகிடிகள்.

முகத்துவாரத்தில் ஒரு துறைமுகத் தொழிலாளியின் மூத்த மகன் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவன். வீட்டிலும் தெருவிலும் கொண்டாடினார்கள். இப்போது தரம் 10. நேரசூசி மாறினால் அன்றைக்கு வகுப்புக்குள் கால் வைக்கமாட்டான். "நாளைக்கு ஸ்கூல் லீவு" என்று யாரோ சொன்ன பகிடியை நம்பி வீட்டில் நின்றுவிட்டு, மறுநாள் அதற்கு அடியும் வாங்கினான். தொடர்மாடியின் மேல்தட்டில் நின்று கடலில் தெரியும் கப்பல்களின் பெயர், கொடி, திகதி எல்லாம் சி.ஆர். கொப்பிகளில் எழுதி வைத்திருக்கிறான். கோடு தவறாத சின்ன எழுத்து. "இவன் கெட்டிக்காரன்தான் அம்மா, வேணுமென்டே செய்றான்" என்றார் ஆசிரியை. "மிஸ், வேணுமென்டு செய்ற புள்ள ராவு பூரா அழுவுமா?" என்று தாய் திருப்பிக் கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே பிள்ளையைத்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேர் பார்த்ததும் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

அதன் பிறகு வழக்கமான சுற்று. ஹெட்டியாவத்தையில் 176 பஸ் ஏறிப் பொரளை வைத்தியசாலை. ஓபிடி துண்டு, காது பரிசோதனை, மூளை மின்வரைவு. "மூளையில் ஒன்றுமில்லை" என்று நல்ல செய்தி போலச் சொன்னார்கள். ஓட்டிசத்தை எந்த ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் காட்டாது என்பதை அந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. ஓரிடத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டான், பெரியவர்கள் பக்கம் போங்கள் என்றார்கள். பெரியவர்கள் பக்கத்தில், இரண்டு வயதில் விரல் நீட்டிக் காட்டினானா, பெயர் சொன்னால் திரும்பினானா என்று கேட்டார்கள். பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய விரல். சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. தாய்க்கு நினைவில் இருந்ததெல்லாம், அக்கம்பக்கத்தார் "என்ன சாதுவான புள்ள" என்று மெச்சியதுதான். கடைசியில் சனல் பண்ணிப் போன இடத்தில் பத்து நிமிடப் பேச்சும் நித்திரைக்கு ஒரு குளிசையும் கிடைத்தன. போய்வந்த ஒவ்வொரு நாளும் தகப்பனுக்கு ஒரு நாள் சம்பளம் போனது.

இதில் யாரையும் கொடியவர் என்று சொல்ல முடியாது. உலகெங்கும் பாவிக்கும் அடோஸ் என்ற நேரடி அவதானிப்புக்கு மட்டும் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வேண்டும். பெற்றோரிடம் வளர்ச்சி வரலாற்றைக் கேட்கும் நேர்காணல் ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணிவரை போகும். இலவச கிளினிக்கில் காலை நேரத்து நெரிசலுக்குள் இதற்கு இடமேது?

மொழியை இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தமிழ்ப் பெற்றோருக்கு இது இரண்டாவது பூட்டு. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. நெஞ்சுவலியோடு போகிறவருக்கு வார்டில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் கிடைத்தால் சமாளித்துவிடலாம். வலி எங்கே என்று கையால் காட்டினாலும் போதும். ஓட்டிச மதிப்பீட்டில் அப்படி முடியாது, அங்கே பரிசோதிக்கப்படுவதே பேச்சுத்தான். என்ன சொல்கிறான் என்பதைவிட எப்படிச் சொல்கிறான், யாரிடம் எந்தத் தொனியில் சொல்கிறான், பகிடி புரிகிறதா, எதிராளி சலிப்பதை உணர்கிறானா என்பதையெல்லாம் காதால் பிடிக்க வேண்டும்.

நம் பிள்ளைகளில் சிலர் அம்மம்மாவிடம் "நான் இப்பொழுது உணவு உண்ணப் போவதில்லை" என்று செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசுவார்கள். சிலர் யூடியூப்பில் பிடித்த ஆங்கிலத்தை அதே உச்சரிப்போடு வீட்டில் பேசிவிட்டு, தெருவில் தமிழ் வராமல் நிற்பார்கள். வீட்டுப் பேச்சும் எழுத்துத் தமிழும் வேறு வேறு என்று தெரிந்த ஒருவருக்கு முதல் வசனத்திலேயே காது விடைக்கும். மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருந்தால் அவர் அதைத் திருத்தமான சிங்களமாக்கி வைத்தியரிடம் கொடுப்பார். அதோடு விஷயம் முடிந்தது, தடயமே இல்லை. அநேகமாக அந்த மொழிபெயர்ப்பாளர் பிள்ளையின் தாயாகவோ, அன்றைக்கு அந்தப் பக்கம் வந்த ஓர் ஊழியராகவோதான் இருப்பார். மறுபக்கமும் உண்டு. சிங்களம் சரியாக வராததால் மட்டும் தலை குனிந்து ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பிள்ளைக்கு, இல்லாத ஓட்டிசம் இருப்பது போலத் தோன்றவும் கூடும்.

பெண்பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். ஆண்கள் நான்கு பேருக்குப் பெண் ஒருவர் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள்; பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வொன்று மூன்றுக்கு ஒன்று என்பதுதான் நெருக்கம் என்றது. தோழிகளைப் பார்த்துப் பார்த்து அவர்களைப் போலவே சிரிக்கப் பழகிக்கொள்ளும் பெண்பிள்ளையை ஆசிரியர் "அடக்கமானவள்" என்று எழுதிவிடுவார். வீட்டில் சந்தேகம் வந்தாலும் கலியாணப் பேச்சை நினைத்து வாயைத் திறக்கமாட்டார்கள். போதாததற்கு, மனநல வைத்தியர் என்றதும் கொழும்பில் எல்லோர் வாயிலும் வருவது அங்கொடை மனநல வைத்தியசாலை. அந்த ஊர்ப் பெயரையே ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கும் நாட்டில் இது ஆச்சரியமுமில்லை.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசதியுள்ள வீடுகளில் சென்னைக்குப் போவது பற்றிப் பேசுவார்கள். இல்லாவிட்டால், "லண்டன்ல இருந்தா இந்தப் பாடு இல்ல" என்பார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். இங்கிலாந்தில் பிள்ளையை மதிப்பீட்டுக்கு அனுப்பிய மூன்று மாதத்துக்குள் அது தொடங்க வேண்டும் என்பது வழிகாட்டல். அங்கே காத்திருப்போர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. நம்மவர் நிறைந்திருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் ஓட்டிச உதவித் திட்டத்துக்குப் பதிவு செய்த பிள்ளைகள் 60,000 பேருக்கு மேல், பெரும்பாலானோர் இன்னும் நிதி வரும் என்று பார்த்திருக்கிறார்கள். பணமும் நிபுணரும் உள்ள இடத்திலும், எல்லாரையும் ஒரே கதவால் அனுப்பினால் கதவுக்கு வெளியே கூட்டம்தான் சேரும். அந்த முறையை நாம் ஏழ்மையோடு நகல் எடுப்பதில் அர்த்தமில்லை.

நமக்கென்று ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரம் முழுவதும் மனம் உடைந்த மக்கள் இருந்தார்கள், மனநல நிபுணர்கள் இருக்கவில்லை. நிபுணர்கள் படித்து முடித்து வரட்டும் என்று காத்திருக்காமல், 2005இல் வந்த மனநலக் கொள்கை சேவையை அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்கு நகர்த்தியது. சாதாரண எம்.பி.பி.எஸ். வைத்தியர்கள் பயிற்சி பெற்று மனநல வைத்திய அதிகாரிகளாக ஊர் வைத்தியசாலைகளுக்குப் போனார்கள். குறைகள் இருந்தன, ஆனால் வேலை நடந்தது. உலக சுகாதார நிறுவனமும் நிபுணரல்லாத வைத்தியர்கள் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கையாள வழிகாட்டி தந்திருக்கிறது.

அதே தைரியத்தைத் தரம் 7 இலும் 10 இலும் காட்டலாம். வைத்தியக் குழு வருவதற்கு ஒரு கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் தமிழில் ஒரு பக்கத் தாள் போகட்டும். இடைவேளையில் எங்கே நிற்கிறான், திடீர் மாற்றத்துக்கு என்ன செய்கிறான், சத்தம் கேட்டால் என்ன செய்கிறான், சேர்ந்து செய்யும் வேலையில் என்ன நடக்கிறது. ஓட்டிசம் என்ற சொல்லே அதில் வேண்டாம். கவலை தரும் தாள்களை மனநல வைத்திய அதிகாரி வாசித்து, வேண்டியவர்களை மட்டும் முறையான மதிப்பீட்டுக்கு அனுப்பட்டும். பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய விரலைத் தேடும் வைத்தியருக்கு, இந்த வருடத்து வகுப்பறையில் ஒருவர் கண்ணால் கண்டது கையில் இருக்கும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள மருத்துவ பீடங்களிலிருந்து தமிழ் பேசும் வைத்தியர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். கிழமையில் ஒரு பிற்பகல் கொழும்பு வடக்கில் தமிழில் கிளினிக் நடத்த அவர்களில் இருவரைப் பயிற்றுவிப்பது பெரிய காரியமா?

ஆசிரியர்கள் கண்ட பிள்ளைக்கெல்லாம் பெயர் ஒட்டிவிடுவார்கள் என்பது ஓர் ஆட்சேபம். இப்போது மட்டும் ஒட்டாமலா இருக்கிறார்கள்? பிடிவாதக்காரன், திமிர் பிடித்தவன், லூசு. எனக்கு அதைவிட வலுவாகப் படுவது மற்ற ஆட்சேபம்: பெயர் தெரிந்து என்ன செய்யப் போகிறோம், பதினைந்து வயதுக்கு என்ன சிகிச்சை இருக்கிறது? உண்மைதான், மருந்து இல்லை, அந்த வயதினருக்கான சேவையும் மிகக் குறைவு. ஆனால் பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குச் சலுகை தருகிறது; அதற்கு வைத்தியச் சான்று வேண்டும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளி என்பதற்காகக் கல்வியிலும் வேலையிலும் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது; அந்தச் சட்டத்தின் படியேறவும் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும்.

2020 மே 25 அன்று தர்கா நகரில் ஓட்டிசம் உள்ள 14 வயதுச் சிறுவன் சைக்கிளில் வெளியே போனான். கொரோனா ஊரடங்கு நாட்கள். சோதனைச் சாவடியில் பொலிஸார் அவனைத் தாக்கினார்கள் என்று குடும்பம் முறையிட்டது. நாடே அதைப் பேசியது. அவனுக்கு ஓட்டிசம் என்பது வீட்டாருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் தகப்பனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நீதி கேட்டு நிற்க முடிந்தது. பெயரே தெரியாமல் வளரும் பிள்ளை அதே சாவடியில் நின்றால், பொலிஸாரின் கண்ணைப் பார்க்காததும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாததும் திமிராக மட்டுமே பதிவாகும். தகப்பனுக்கும் அதை மறுத்துச் சொல்ல ஒன்றும் இராது.

இதற்கு அமைச்சரவைப் பத்திரமோ புதிய கட்டடமோ தேவைப்படாது. கொழும்பு மாநகர சபைக்குச் சொந்தமாகச் சுகாதாரப் பிரிவு இருக்கிறது. முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் உள்ள தமிழ் மொழிமூலப் பாடசாலைகளில் ஒரு தவணைக்கு அந்த ஒரு பக்கத் தாளைக் கொடுத்துப் பார்க்கலாம். அச்சுக் கூலி சபைக்குப் பெரிய செலவில்லை. துறைமுகத் தொழிலாளியின் மூத்த மகன் அதற்குள் சாதாரண தரம் எழுதி முடித்திருப்பான். அவனுடைய தங்கை இப்போது தரம் 6 இல் படிக்கிறாள். மிகவும் அடக்கமான பிள்ளை என்று வகுப்பாசிரியை சொல்லியிருக்கிறார்.