கண்ணாடி மட்டும் காப்பாற்றாது

1992 ஆகஸ்ட் 24இல் அமெரிக்காவின் தென் ஃபுளோரிடாவை ஆண்ட்ரூ சூறாவளி தாக்கியது. பல வீடுகளில் சன்னலும் கதவும் உடைந்தன. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ள, மேலே வீசிய காற்று அதை இழுத்தது. கூரை பறந்தது.

அதன்பின் மயாமி-டேட் வட்டாரத்தில் விதிகள் கடுமையாயின. சுமார் 4 கிலோ மரக்கட்டையை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் சன்னல்மீது எய்து சோதிக்கிறார்கள். கண்ணாடி விரிசல் விடலாம், ஓட்டை விழக்கூடாது. இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டிய நெகிழிப் படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். பிறகு 9,000 முறை காற்றழுத்தம் கொடுப்பார்கள். (சாதாரண கண்ணாடியில் குறுக்கே நாடா ஒட்டுவது வீண் வேலை.)

இந்தத் தேர்வில் வென்ற கதவை வாங்கினால் போதுமா? போதாது என்பேன். கணக்குப் போட்டுப் பாருங்கள் மாணவர்களே. காற்றின் அடர்த்தி 1.2, வேகம் நொடிக்கு 60 மீட்டர். அழுத்தம் ½ × 1.2 × 60², அதாவது 2,160 பாஸ்கல். 4 சதுர மீட்டர் கதவில் அது 8,640 நியூட்டன். ஏறக்குறைய 880 கிலோ எடை சாய்ந்து நிற்பது போல!

அவ்வளவு விசையையும் கடைசியில் தாங்குபவை சட்டமும் பூட்டும் சுவரில் இறங்கிய திருகாணிகளும்தான். கடலோரத்தில் உப்புக்காற்று அரிப்பதும் இவற்றைத்தான். இழுத்து மூடும் கதவின் சக்கரம் துருப்பிடித்துத் தேய்ந்தால் கதவு சாயும், பூட்டு சரியாக விழாது. கீழ்த்தடத்தின் வடிகால் துளைகளை மணல் அடைத்தால் மழைநீர் வீட்டுக்குள் வழியும்.

சான்றிதழ் புதுக் கதவுக்குத் தரப்பட்டது. பத்து வருடம் உப்புக்காற்றில் நின்ற கதவுக்கு அது எப்படிப் பொருந்தும்? ஆண்டுதோறும் ஜூன் 1இல் சூறாவளிப் பருவம் தொடங்குமுன் சக்கரம், பூட்டு, திருகாணி மூன்றையும் சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.