முதலில் வேலையைப் பாருங்கள்

சான்றிதழ் இல்லாதவரை எந்த வேலைக்கும் எடுக்கக்கூடாது, அப்போதுதான் தரம் உயரும் என்று முதலாளிமார் சிலர் வாதிடுகிறார்கள். இதில் ஒரு பங்கை ஏற்கிறேன். வயரிங் செய்பவரோ கடலில் உயிர்காப்பவரோ பிழைவிட்டால் ஆள் சாகும். அங்கே பயிற்சியும் பரீட்சையும் கட்டாயமாகவே இருக்கட்டும்.

ஆனால் கல்கிசைக் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் இருபது வருடம் மீன் வெட்டிச் சமைத்தவரை, கடதாசி இல்லையென்று வாசலிலேயே திருப்பி அனுப்புவதில் என்ன தரம் இருக்கிறது? ஆளின் வேலையைப் பார்த்து அறிவது முதலாளியின் பொறுப்பு. அதைத் தட்டிக்கழிப்பது சோம்பல்.

நம் இலங்கையின் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை முறையே முதலாளிமாரின் அந்த வாதத்தை மறுக்கிறது. அதன் ஏழு மட்டங்களில் உச்சம் பட்டப்படிப்பு. கல்கிசைக்குப் பக்கத்து இரத்மலானையில் அதற்கென்றே பல்கலைக்கழகம் உண்டு. அதே முறையில், வகுப்புக்கே போகாத தொழிலாளிக்கும் வழி வைத்திருக்கிறார்கள். முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோவையாகக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் திறமையைக் காட்டித் தேறினால் தேசியச் சான்றிதழ் கிடைக்கும்.

தடையாக நிற்பது திறமையின்மை அல்ல. மதிப்பீட்டுக்குப் போகிற நாளில் நாட்கூலி இல்லை என்பதே தடை.

முதலாளிமாரே, வேலை தெரிந்தவரை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் அவசியமென்றால் அவகாசம் கொடுங்கள். மதிப்பீட்டுக் கட்டணத்தையும் அன்றைய சம்பளத்தையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.