மெஷின் நம்மோடது, பவுடர் மட்டும் அவங்க சொல்றதா?

எங்க ஊர் துறைமுகத்துக்கே வ.உ.சி. பேரைத்தான் வச்சிருக்காங்க. ஆனா சுதேசிக் கப்பல் கம்பெனியோட வியாபாரப் பாடத்தை யாரும் சொல்லித் தர்றதில்லை. 1906-ல் கம்பெனி ஆரம்பிச்சப்போ சொந்தக் கப்பல் கிடையாது. ஷாலைன் கம்பெனி கிட்ட வாடகைக்கு எடுத்து ஓட்டினாங்க. போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நெருக்கடி கொடுக்க, ஷாலைன் கப்பலைக் கொடுக்க மறுத்துடுச்சு. ஒருத்தரை மட்டுமே நம்பினா, அவர் கையை விரிச்சதும் தொழில் நின்னு போகும். சொந்தக் கப்பல் வாங்கின பிறகுதான் அந்தத் தலைவலி தீர்ந்தது.

இதை இப்ப ஏன் சொல்றேன்னா, லேசர் சின்டரிங் மெஷின் வாங்கறவங்க அதே வலையில்தான் விழறாங்க. நம்ம மாவட்டத்துல குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டியாச்சு. நாளைக்கு இங்கே பட்டறைகளும் கல்லூரிகளும் இந்த மெஷினை வாங்கும்போது யாராவது இதைச் சொல்லணுமில்லையா?

முதல்ல மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். நைலான் பவுடரை ஏறத்தாழ 0.1 மி.மீ. அடுக்கா பரப்பி, உருகுநிலைக்குச் சற்றுக் கீழே சூடா வச்சு, தேவையான இடத்தை மட்டும் லேசரால் உருக்கும். மிச்சப் பவுடர் பார்ட்டைச் சுத்தித் தாங்கிக்கிட்டு நிக்கும். ஆனா மணிக்கணக்கா சூட்டுல கிடந்ததால அதோட குணம் மாறிடும். அதனால மறுபடி பயன்படுத்தும்போது புதுப் பவுடர் கலந்தாகணும்; பிஏ12 நைலானுக்குப் பாதிக்குப் பாதி கலக்கறது சாதாரணம். ஆக, பவுடர் தீராத செலவு. மெஷின் விலை ஒரு தடவை வலி, பவுடர் விலை மாசா மாசம் வலி.

இதைத் தெரிஞ்சுதான் சில கம்பெனிகள், "எங்க பவுடரைத் தவிர வேற போட்டா வாரன்டி கிடையாது"ன்னு சொல்றாங்க. லேசர் பவர், ஸ்கேன் வேகம் மாதிரி செட்டிங்கைப் பூட்டி வச்சு, திறக்கத் தனி லைசென்ஸ் விக்கறவங்களும் உண்டு.

விலையோட பிரச்சினை முடியலை. 2012 மார்ச் 31-ல் ஜெர்மனியின் மார்ல் நகரத்துல எவோனிக் ஆலை வெடிச்சது. பிஏ12-க்கான மூலப்பொருள் அங்கேதான் தயாராச்சு. உலகம் முழுக்கத் தட்டுப்பாடு, கார் கம்பெனிகளே மாற்றுப் பொருள் தேடி ஓடினாங்க. பூட்டின மெஷின் வச்சிருக்கிறவன் மாற்றுக்கு எங்கே ஓடுவான்?

மாற்று இல்லாமலும் இல்லை. பிஏ11 நைலான் ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருது. உலகத்துக்கே அதிகமா ஆமணக்கு விளைவிக்கிற நாடு நம்ம நாடு, அதிலும் குஜராத். நம்ம ஆமணக்கு எண்ணெய் வெளிநாடு போய் பவுடரா திரும்பி வரும்போது, எதை வாங்கணும்னு முடிவு பண்ற உரிமை மட்டும் நமக்கு இல்லையாம்!

கோர்ட் காப்பாத்தும்னு நினைக்காதீங்க. 3டி சிஸ்டம்ஸ் தன் ரெசின் மெஷின்கள்ல ஆர்.எஃப்.ஐ.டி. பூட்டுப் போட்டதுக்கு எதிரா டிஎஸ்எம் டெசோடெக் அமெரிக்காவுல 2008-ல் வழக்குப் போட்டது. 2014-ல் மேல்முறையீட்டிலும் தோத்துடுச்சு.

"கண்ட பவுடரைப் போட்டா பார்ட் நெளிஞ்சிடும், லென்ஸ் அழுக்காகும்"னு சேல்ஸ் ஆட்கள் சொல்வாங்க. உண்மைதான். மட்டமான பவுடர் மெஷினைக் கெடுக்கும். ராக்கெட் பார்ட்டுக்குச் சான்றிதழ் பெற்ற பவுடரைத்தான் போடணும், அதுல சமரசமே கூடாது. ஆனா மாதிரிப் பார்ட்டுக்கும், பட்டறை ஜிக்குக்கும், மாணவர் பிராஜெக்டுக்கும் அதே விலை எதுக்கு? ஒவ்வொரு லாட்டையும் துகள் அளவு பார்த்து, சோதனைத் துண்டு போட்டு இழுத்துப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது. அந்தச் சோதனை வாங்கறவன் பொறுப்பு. பூட்டு அதுக்குப் பதில் ஆகாது.

அதனால கையெழுத்துக்கு முன்னாடியே மூணு விஷயத்தை டெண்டர்ல எழுதி வாங்குங்க:

1. எல்லா செட்டிங்கும் திறந்திருக்கணும், தனிக் காசு கூடாது.
2. வேற பவுடரால வந்த சேதத்துக்கு மட்டும்தான் வாரன்டி போகணும், மொத்த மெஷினுக்கும் இல்லை.
3. அஞ்சு வருஷத்துக்கான பவுடர் விலையும் கொட்டேஷன்லயே இருக்கணும்.

முடியாதுன்னு சொன்னா அடுத்த கம்பெனியைக் கூப்பிடுங்க. பேரம் பேசற பலமெல்லாம் செக் கொடுக்கற வரைக்கும்தான் :-)