எண்ணெய்க்குமா இரவல் பெயர்?

தேனி மாவட்டத்துச் செயமங்கலத்தில் ஒரு பெண், கைக்குள் அடங்கும் குப்பியொன்றை வாங்குகிறாள் எனக் கொள்க. அதன்மேல் ‘கிரேப் சீட் ஆயில், ஆன்ட்டி ஏஜிங்’ என்றிருக்கும். எழுத்துத் தமிழ், மொழி எவனுடையது?

எள்ளின் நெய்யே எண்ணெய். அப்பெயரைப் பிற விதைகளுக்கும் விரித்து வேப்பெண்ணெய், ஆமணக்கெண்ணெய் என்று ஆண்ட இனத்துக்கு, திராட்சை என வடசொல்லால் வழங்கும் கொடிமுந்திரியின் எண்ணெய்க்குப் பெயரிட மட்டும் நாவெழவில்லையாம்! மயிர் வெளுத்தால் நரை, தோல் சுருங்கினால் திரை, அகவை முதிர்ந்தால் மூப்பு எனச் சொல்வளம் உடையோர்க்கு ‘ஏஜிங்’ எதற்கு? தமக்கு நரையில்லாமை எதனால் எனப் பிசிராந்தையார் விடை கூறும் புறநானூற்று 191ஆம் பாட்டில் மனைவி மக்கள் உண்டு, வேந்தன் உண்டு, சான்றோர் உண்டு, எண்ணெய் இல்லை.

பெயர்தான் இரவல், பொருளேனும் மெய்யா? அவ்வெண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இலினோலிக் என்னும் கொழுப்புக் காடி. அது தோலை மென்மையாக்கும். ஈரம் வெளியேறுவதைக் குறைக்கும். மறுப்பதற்கில்லை. ஆனால் மூப்பைத் தடுக்கும் என்று விளம்பரம் முழங்குவது விதையிலுள்ள துவர்ப்புப் பொருள்களை வைத்தே. அவையோ எண்ணெயில் எளிதிற் கரையா. ஆட்டுங்கால் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். பிண்ணாக்கின் புகழை எண்ணெயின் தலையில் ஏற்றி விற்கிறான் வணிகன்! திரை விழுவதில் பெரும்பங்கு வெயிலின் புறவூதாக் கதிர்களுக்கு உண்டு. அதற்குக் குடையும் முக்காடும் செய்யும் உதவியை இக்குப்பி செய்யாது.

இத்தாலியும் பிரான்சும் இசுபெயினும் தேறல் பிழிந்த சக்கையிலிருந்து விதையைப் பிரித்து, ஆட்டி விற்கின்றன. செயமங்கலத்துக்குத் தென்மேற்கே, அதே மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலோ பன்னீர்க் கொடிமுந்திரி ஏறத்தாழ ஆண்டு முழுதும் அறுவடையாகிறது. 1832இல் பிரஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொணர்ந்த கொடி அது என்பர். அயலிலிருந்து வந்ததைப் பன்னீர் எனப் பெயரிட்டுத் தமதாக்கிக்கொண்டனர் நம் மக்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஏர் பிடித்தவனுக்கு இருந்த துணிவு குப்பி அடைப்பவனுக்கு இல்லையே!

அது விதையுள்ள வகை. ஆயினும் பெரும்பகுதி பழமாகவே விலைபோவதால், விதை தின்பவர் வாயிலிருந்து தெருவில் விழுகிறது. 100 பங்கு விதையில் எண்ணெய் 10 முதல் 16 பங்கே. சாறு பிழியும் ஆலை இருந்தாலன்றி விதை குவியாது. விலை சரியும் நாளில் பழத்தைச் சாறாக்கக் கூட்டுறவு ஆலையொன்றை அரசு பள்ளத்தாக்கில் அமைக்கட்டும். ஆனைமலையன்பட்டி ஆய்வு நிலையம் விதையையும் சக்கையையும் ஆயட்டும். அங்கிருந்து வரும் குப்பியின்மேல் ‘கொடிமுந்திரி விதையெண்ணெய், தோலின் ஈரங்காப்பது’ என்று எழுதட்டும். மூப்பை ஒழிக்கும் என்று தமிழிலும் எழுத வேண்டா.