‘வேண்டாம்’ என்பது கட்டளை அன்று

“அது தெரிந்தேதான் செய்கிறது, இரண்டு அடி போட்டால் திருந்திவிடும்.” ஹைதராபாத்தில் எங்கள் தெருவோரம் கிடந்த கோழியெலும்பை என் நாய்க்குட்டி மணி கவ்விய அன்று எனக்குக் கிடைத்த அறிவுரை இது. சொன்னவரும் மொழியியல் ஆய்வாளர் என்பதே என் வருத்தம். அவருக்கு அன்று சொல்லத் தவறிய மறுப்பை இங்கே எழுதுகிறேன்.

நான்கு மாதக் குட்டிக்கு வாய்தான் கை. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் பருவத்தில் எதிர்ப்படும் எதையும் கவ்வியே அறிகிறது. குப்பை என்பது நம் வகைப்பாடு. பிரியாணி மணக்கும் பிளாஸ்டிக் பை அதற்கு உணவுதான். ‘தெரிந்தே செய்கிறது’ என்போர் சான்றாகக் காட்டுவது அதன் ‘குற்றவுணர்வு’ முகத்தை. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதையே சோதித்தது. நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அம்முகம் மாறவில்லை. வளர்ப்பவர் கடிந்துகொண்டபோதே மிகுந்தது. நாம் அங்கே காண்பது நம் கோபத்தின் விளைவைத்தான்.

அடுத்து, கட்டளை. எங்கள் வீட்டில் மூவர். நான் ‘வேண்டாம்’ என்பேன். தெலுங்குத் தோழி ‘வத்து’ என்பாள். லக்னோத் தோழி ‘சோடோ’ என்பாள். பதற்றத்தில் மூவரும் ‘நோ’. செருப்பைக் கடித்தாலும் நோ, குரைத்தாலும் நோ, கட்டிலில் ஏறினாலும் அதே நோ. மறுப்புச்சொல்லின் பொருள் அது எதை மறுக்கிறது என்பதைச் சார்ந்தது என்று முதலாண்டு மாணவருக்கு வகுப்பெடுக்கிறோம். குட்டியிடம் மட்டும் வெறும் மறுப்பை எறிந்துவிட்டு, கீழ்ப்படியவில்லை என்கிறோம். நாய்க்குச் சொல் ஏறாது என்றும் சொல்லிவிட முடியாது. சேசர் என்ற பார்டர் கோலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் பெயர்களைக் கற்றதாக 2011இல் ஆய்வுக்கட்டுரையே வந்தது. அதன் பின்னே ஆண்டுக்கணக்கான அன்றாடப் பயிற்சி இருந்தது.

வாயைப் பிளந்து பிடுங்குவது இன்னும் கேடு. அந்தப் பிழையை நானே செய்தேன். ஒரே வாரத்தில் மணி என் கையைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டு அவசரமாக விழுங்கக் கற்றுவிட்டது. கை வருமுன் விழுங்கு என்பதே நான் கற்பித்த பாடம். சமைத்த எலும்பு சிம்புசிம்பாக உடைந்து குடலைக் குத்தும்; தின்றுவிட்டு எறிந்த மக்காச்சோளக் கட்டை குடலை அடைக்கும். இரண்டுமே உயிரைக் குடிக்கக்கூடியவை.

இப்போது மூவருக்கும் ஒரே சொல்: ‘விடு’. அது செய்யவேண்டிய செயலைச் சொல்கிறது. முதலில் வீட்டுக்குள், மூடிய கையில் உலர்தீனி. முகர்ந்து, நக்கி, சலித்து மூக்கை விலக்கிய கணத்தில் மறுகையிலிருந்து வேகவைத்த கோழித்துண்டு. ‘விடு’ என்று சொன்ன பொருளை எந்நாளும் தருவதில்லை. பிறகு விரித்த உள்ளங்கை, பிறகு தரை, கடைசியாகத்தான் தெரு. அங்கும் குட்டையாகப் பிடித்த கயிற்றுடன். வாயில் ஏற்கெனவே ஏதேனும் இருந்தால் துரத்தாமல் பண்டமாற்று. தெருவில் இன்னும் பல நாள் தோற்கிறோம்.

குட்டியைத் திருத்தச் சொல்கிறவர்கள் எலும்பை எறிந்தவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. தெருவில் கழிவை எறிவதை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வெளிப்படையாகவே தடுத்தன. இரவுணவுப் பொட்டலத்தை மதிலோரம் வீசுகிறவர்கள் பெரும்பாலும் ஆய்வேடு எழுதுகிறவர்கள்.

மாலையில் எங்களைக் காண்போர் தயவுசெய்து மணியைப் பார்த்து ‘நோ’ என்று கூவவேண்டாம். ‘விடு’ என்று சொல்லுங்கள். இல்லையேல் பேசாமல் கடந்து செல்லுங்கள்.