குழி ரோட்டுல, பில் மாமா கையில

இந்த ஐப்பசி மழையில மாமாவோட டாக்ஸி பிள்ளையார்பாளையத்துல ஒரு குழிக்குள்ள இறங்கிடுச்சு. தோண்டி, அரைகுறையா மூடின இடம். தண்ணி நின்னதால ஆழம் தெரியல. 'டமார்'னு ஒரு சத்தம். வரதராஜப் பெருமாள் கோயில்ல சவாரியை இறக்கிட்டுப் பார்த்தா, முன் டயரோட பக்கவாட்டுல எலுமிச்சம்பழம் சைஸுக்கு ஒரு புடைப்பு.

மெக்கானிக்கல் பசங்களுக்குக் காரணம் தெரிஞ்சிருக்கும். குழி விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவுல டயர் நசுங்கும்போது உள்ளே இருக்கிற இழைகள் அறுந்துடும். அந்த இடத்துல காத்து ரப்பரை வெளியே தள்ளும். தறியில பாவு இழை அறுந்தா முடிச்சுப் போட்டு ஓட்டிடலாம்; டயரை மாத்தித்தான் ஆகணும். அலைன்மென்ட்டும் விலகி ஸ்டீயரிங் இடது பக்கம் இழுத்துச்சு. லோயர் ஆர்ம் புஷ்ஷும் கிழிஞ்சிருந்தது.

"மெதுவா ஓட்டியிருக்கலாமே"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். இயக்க ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 40-க்குப் பதிலா 60-ல போனா 2.25 மடங்கு. குழிக்குள்ளயே பிரேக் மிதிச்சா எடை முன்னாடி சாஞ்சு, ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கிடும், அடி பலமா விழும். ஆனா மாமா போனது 30-ல.

இன்சூரன்ஸ்? வழக்கமான பாலிசியில டயர் மட்டும் போனா ஒண்ணும் வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டாத்தான் டயர் விலையில 50 சதவீதம். புஷ்ஷைத் தேய்மானம்னு தள்ளிட்டாங்க.

ரோடு போட்டவங்க? 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 198ஏ பிரிவு சேர்த்தாங்க. தரமில்லாத ரோட்டுக்கு ஒப்பந்ததாரர் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் கட்டணும். ஆனா அதுக்கு ஒருத்தர் சாகணும், இல்லே ஊனமாகணும். டயரெல்லாம் கணக்குலயே இல்லை.

இதே பக்கத்துல வேற மாதிரியும் நடந்திருக்கு. மதுரவாயல்–வாலாஜாபேட்டை நெடுஞ்சாலை மோசமா கிடந்ததால, நெமிலி, சென்னசமுத்திரம் டோல்கேட்டுகள்ல பாதிக் கட்டணம்தான் வாங்கணும்னு 2020 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. யாரும் செத்தாங்களான்னு கேட்டுப் பாதியாக்கல. ரோடு சரியில்லை, அவ்ளோதான். அந்தக் கணக்கு ஊருக்குள்ள ஏன் செல்லாது? தோண்டின ஒப்பந்ததாரர்கிட்ட பிடிச்சு வைக்கிற டெபாசிட்ல இருந்து, குழி போட்டோவும் மெக்கானிக் பில்லும் காட்டுறவங்களுக்குக் கொடுக்கலாம். பொய் பில் வரும்னு சொல்வாங்க. வரும்தான், இன்சூரன்ஸ்லயும் வருது, அதுக்காக இன்சூரன்ஸை நிறுத்திட்டோமா?

மாமா இப்போ ஸ்டெப்னியை மாட்டி ஓட்டிக்கிட்டிருக்கார். புது டயர் பொங்கலுக்கு அப்புறம்தானாம்.