செய்மதியின் கண்ணும் எழுத்தாளனின் கண்ணும்

கத்ரினா சூறாவளியின் செய்மதிப் படத்தைக் காணாதவர் எம்மிடையே குறைவு. 2005 ஓகஸ்ட் 28ஆம் திகதி எடுக்கப்பட்டது. மெக்சிக்கோ வளைகுடாவின் பெரும்பகுதியை மூடியபடி ஒரு வெண்சுழல். நடுவே வட்டமாக ஒரு கண். பார்க்க அழகான படம்தான். அந்த அழகே எம்மவரின் எழுத்தையும் பேச்சையும் கெடுத்துவிட்டது என்பது என் குற்றச்சாட்டு.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இரு வகையாகப் பேசுகிறார்கள். கவிஞர்கள் அதை 'இயற்கையின் சீற்றம்' என்கிறார்கள். மேடைப் பேச்சாளர்கள் 'இறைவனின் தண்டனை' என்கிறார்கள். கேட்பதற்கு இரண்டும் வேறுவேறு போலத் தோன்றும். ஆனால் இரண்டும் செய்கிற காரியம் ஒன்றே. மனிதர்கள் ஏற்க வேண்டிய பொறுப்பை எடுத்து வானத்தின் தலையில் கட்டிவிடுகின்றன.

முதலில் செய்மதிக்கு நியாயம் செய்துவிடுவோம். ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொண்டிருந்த அது தன் கடமையைச் சரியாகவே செய்தது. அது அனுப்பிய படங்களையும் விமானங்கள் திரட்டிய தரவுகளையும் கொண்டு, நியூ ஓர்லியன்ஸ் பிரதேசம் ஆபத்தில் இருக்கிறது என்று இரண்டு நாட்களுக்கு முன்னரே எதிர்வுகூறிவிட்டார்கள். 28ஆம் திகதி காலை நகர மேயர் அனைவரையும் வெளியேறப் பணித்தார். வாகனம் இருந்தவர்கள் போனார்கள். வாகனம் இல்லாதவர்கள் சுமார் ஒரு இலட்சம் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழைகள், கறுப்பின மக்கள். ஊரைவிட்டுப் போங்கள் என்று சொல்ல ஆளிருந்தது. ஏற்றிச் செல்ல பஸ் இருக்கவில்லை. இந்தக் குறையை எந்தச் செய்மதியும் படம் பிடிக்காது.

மறுநாள் கரையைத் தொட்டபோது கத்ரினா ஐந்தாம் தரத்திலிருந்து மூன்றாம் தரத்துக்கு இறங்கியிருந்தது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 205 கிலோமீற்றர். மிசிசிப்பி மாநிலக் கரையோரத்தை அழித்தது கடல்தான். எட்டு மீற்றருக்கும் மேல் எழுந்த நீர் அங்கே ஊர்களைத் துடைத்தெடுத்தது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நியூ ஓர்லியன்ஸின் கதை வேறு. அங்கே 17ஆம் வீதிக் கால்வாயின் சுவரும் லண்டன் அவெனியூ கால்வாயின் சுவர்களும், நீர் அவற்றின் உச்சியைத் தொடுமுன்னரே சரிந்தன. மென்மையான மண்ணில் போதிய ஆழமின்றி நிறுத்தப்பட்ட சுவர்கள் அவை. நகரின் எண்பது வீதம் நீரில் மூழ்கியது. அவற்றை நிர்மாணித்த அமெரிக்க இராணுவப் பொறியியற் படையணி, வடிவமைப்பில் தவறு நேர்ந்ததை 2006இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் வீடிழந்தவர்கள் வழக்குத் தொடர்ந்தபோது, வெள்ளச் சேதத்துக்கு அரசாங்கம் பொறுப்பல்ல என்று கூறும் 1928ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது.

இத்தனைக்குப் பிறகும் 'இயற்கையின் சீற்றம்' என்று எழுதுகிற கவிஞரை நான் கேட்கிறேன்: சுவரைப் பிழையாகக் கட்டியது எந்த இயற்கை? சட்டத்தை இயற்றியது எந்தக் காற்று?

இனி, தண்டனை என்போரின் வாதம். ஈராக்கில் குண்டு போட்ட நாட்டுக்கு இது வேண்டும் என்றார்கள். பாவ நகரம் அழிந்தது என்று அமெரிக்கக் கிறிஸ்தவப் போதகர் சிலரும் சொன்னார்கள். இவர்கள் வெள்ளத்தின் செய்மதிப் படத்தையாவது ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். மதுச்சாலைகளுக்கும் கேளிக்கைக்கும் பேர்போன பிரெஞ்சுக் குடியிருப்பு அதில் பெரும்பாலும் உலர்ந்தே கிடக்கிறது. அது மேட்டு நிலம். மூழ்கியவற்றுள் ஒன்று, தேவாலயங்கள் நிறைந்த, உழைக்கும் கறுப்பின மக்களின் கீழ் ஒன்பதாம் வட்டாரம். லூசியானாவில் இறந்தவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். ஈராக் மீது படையெடுக்கக் கட்டளையிட்டவர்களா அவர்கள்? ஒருவர் செய்த பாவத்துக்கு இன்னொருவரைத் தண்டிப்பது நீதியல்ல என்பதை மத்ரஸாவில் ஓதும் சிறுவனும் அறிவான்.

எமக்கு இது புரியாத விடயமுமல்ல. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி களுத்துறைக் கரையில் கடல் சுழன்று பின்வாங்கும் செய்மதிப் படம் உலகமெங்கும் போனது. அதைப் பார்த்து எங்கோ ஒருவர் 'தண்டனை' என்று தீர்ப்புச் சொல்லியிருந்தால், ஜனாஸாக்களை வரிசையாக அடக்கிய எமது கரையோர மக்களுக்கு எப்படி வலித்திருக்கும்? அந்தக் காயம் ஆறுமுன்னரே கத்ரினாவுக்காக இலங்கை 25,000 டொலர் வழங்க முன்வந்தது. சிறிய தொகைதான். ஆனால் மேடையில் கைதட்டு வாங்கிய பேச்சுகளைவிட அதுவே மார்க்கத்துக்கு நெருக்கமானது.

செய்மதியின் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. வெள்ளத்தின் மறுநாள், ஓகஸ்ட் 30இல், லான்ட்சற் 7 எடுத்த படத்தில் நகரம் கருமையாகத் தெரிகிறது. அப்படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் 30 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். எங்கள் கணக்கில் சுமார் 35 பேர்ச். ஒரு வீடும் முற்றமும் கூரையில் ஏறி நின்று துணியை ஆட்டும் குடும்பமும் அந்த ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். ஓகஸ்ட் 31இல் ஜனாதிபதி புஷ்ஷும் விமானச் சாளரத்தினூடாகத்தான் நகரைப் பார்த்தார். அந்தப் புகைப்படம் வெளிவர அனுமதித்தது தவறென்று பின்னாளில் அவரே சொன்னார். தவறு புகைப்படத்தில் இல்லை. இறங்காமல் போனதில்தான் இருக்கிறது.

இறங்கிப் பார்த்தவர்களும் எல்லாவற்றையும் நேராகப் பார்த்துவிடவில்லை. அதே நாட்களில் இரு செய்தி நிறுவனங்கள் இரு படங்களை வெளியிட்டன. கடையொன்றிலிருந்து உணவெடுத்து நெஞ்சளவு நீரில் வந்த கறுப்பின இளைஞனைப் பற்றி 'சூறையாடினான்' என்று படக்குறிப்பு எழுதினார்கள். அதேபோல வந்த வெள்ளை நிறத்தவர் இருவரும் உணவைக் 'கண்டெடுத்தார்கள்' என்றார்கள். வெள்ளம் ஒன்று, பசியும் ஒன்று. வினைச்சொல் மட்டும் இரண்டு. எழுதுகிறவர்களாகிய நாம் கூட்டம் போட்டுப் பேச வேண்டியது இந்த வினைச்சொல்லைப் பற்றித்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1972 முதல் லான்ட்சற் செய்மதிகள் லூசியானாவின் கரையோரச் சதுப்பு நிலம் தேய்ந்து வருவதைப் படமெடுத்து வருகின்றன. 1930களிலிருந்து சுமார் 4,900 சதுர கிலோமீற்றர் நிலம் அங்கே கடலாகிவிட்டது. அலையைத் தாங்கி வேகத்தைக் குறைக்கும் அரண் அது. ஆற்றைக் கரைகட்டி வண்டலைத் தடுத்ததும், எண்ணெய்க் கம்பனிகளுக்காகவும் கப்பல்களுக்காகவும் கால்வாய்கள் வெட்டியதும் அதன் முக்கிய காரணங்கள். இந்தப் படங்கள் எந்தப் பத்திரிகையின் முன்பக்கத்திலும் வெண்சுழலுக்கு ஈடாக வந்ததில்லை. அவற்றில் சுழலும் இல்லை, கண்ணும் இல்லை. மெதுவாக நடக்கும் அழிவுக்குக் கவிஞரும் கிடைப்பதில்லை.

அமெரிக்கத் தேசிய சூறாவளி மையம் 2023இல் திருத்திய கணக்கின்படி கத்ரினாவில் இறந்தோர் 1,392 பேர். அதன் பின்னர் சுமார் 14 பில்லியன் டொலர் செலவில் நகரைச் சுற்றிப் புதிய அரண் எழுப்பினார்கள். 2021இல் அதே ஓகஸ்ட் 29ஆம் திகதி, கத்ரினாவைவிட வேகமான காற்றோடு, நான்காம் தரத்தில் ஐடா வந்தது. மின்சாரம் போனது, அரணுக்கு வெளியே இருந்த ஊர்கள் நீரில் மூழ்கின. நகரின் அரண் நின்றது. இயற்கையும் இறைவனும் பதினாறு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது சுவர்.

ஆகவே எமது எழுத்தாளர்களுக்கு ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். அடுத்த சூறாவளியின் படமும் வரும். அதுவும் அழகாகத்தான் இருக்கும். உவமை தேடுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். சுவரைக் கட்டியவர் யார்? பஸ் ஏன் வரவில்லை? தாழ்ந்த நிலத்தில் யார் குடியிருந்தார்கள், ஏன் அங்கே குடியிருந்தார்கள்? விடை கிடைத்த பிறகு கவிதை எழுதுங்கள். கிடைக்காவிட்டால் கட்டுரையாவது எழுதுங்கள். வானத்தைக் குற்றவாளியாக்கும் இலக்கியம் எமக்கு வேண்டாம்.